கம்பம் சாயவில்லை

குல்பாரிங்கில் கம்பம் நட்ட அன்று காற்றே இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். கம்பம் சாய்ந்ததற்குக் காற்றுதான் காரணம் என்று பிற்பாடு யாரும் கிளப்பிவிடக் கூடாது. கம்பம் சாயவே இல்லை என்பது அதை நட்ட திருத்தக் கழகத்தின் நிலைப்பாடு. ஆகவே காற்றின் மேல் பழி போட அவர்களுக்கும் வழியில்லை.

என் டயர் கடை எங்கள் ஊராட்சியான ஷையர் மன்றத்தின் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அந்தக் கட்டடத்தை ஒட்டிய புல்தரையில்தான் கம்பத்தை நட்டார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்புத் தூண், உச்சியில் கவிழ்த்து வைத்த வெள்ளைக் கிண்ணம் போல ஓர் ஆன்டெனா, சுற்றிலும் அறிவிப்புப் பலகைகள். தொடவும் கூடாது, அருகில் நிற்கவும் கூடாது, நாயைக் கட்டவும் கூடாது.

தொடக்க விழாவுக்குத் திருத்தக் கழகத்தின் இயக்குநர் முனைவர் ரொட்னி ஃபாசெட் கான்பெராவிலிருந்து வந்திருந்தார். வயலுக்குப் போகிறவர்கள் அணியும் பூட்ஸைப் புதிதாக வாங்கி, விலைச்சீட்டு ஒட்டியிருந்த பசை தெரிய அணிந்திருந்தார். எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்தார் லாமிங்டன் கேக்கும் சாசேஜ் ரோலும் மேசையில் பரப்பி, ஈ மொய்க்காமல் இருக்க வலை போட்டு மூடியிருந்தார்கள். அவர் பேசி முடிக்கும்வரை வலையை எடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

"தலைக்கு மேல சுத்துற சாட்டிலைட்டை நீங்கள்லாம் நம்புறீங்க. நம்பாதீங்க" என்று ஃபாசெட் தொடங்கினார். "அதோட சிக்னல் காத்து மண்டலத்துல நுழைஞ்சு வரும்போது தாமதமாகுது. உங்க டிராக்டர் ரிசீவர் அதை அப்படியே வெச்சுக் கணக்குப் போட்டா, ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நிக்கிறதா நினைச்சுக்கும். இந்தக் கம்பம் அப்படி ஏமாறாது. தான் எங்க நிக்கிறோம்னு இதுக்குத் தெரியும். ஏன்னா நாங்க சொல்லி வெச்சிருக்கோம். சாட்டிலைட் சொல்ற இடம் ஒண்ணு, நாங்க சொன்ன இடம் ஒண்ணு. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு நொடியும் வட்டாரம் பூரா ஒலிபரப்பும். உங்க ரிசீவர் அதைக் கழிச்சுக்கிட்டா, ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள துல்லியமா வரும்."

ஷையரில் மண் தோண்டும் இயந்திரம் ஓட்டுகிற டூகி பின்வரிசையிலிருந்து கேட்டான். "அப்போ கம்பமே தப்பு பண்ணினா?"

ஃபாசெட் சிரித்தார். குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"கம்பம் தப்பு பண்ண முடியாது, மேட். எது தப்பு, எது சரின்னு சொல்றதே கம்பம்தானே."

நாங்கள் கைதட்டினோம். வலையை எடுத்தார்கள்.

புறப்படும்போது ஃபாசெட் ஒரு கையில் லாமிங்டனை வைத்துக்கொண்டு, மறு கையால் எங்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். ஸ்டியரிங்கைப் பிடிக்க மூன்றாவது கை அவருக்கு இல்லை. வண்டியின் பின்கொக்கி கம்பத்தின் அடியில் போய் இடித்தது. சத்தம் என் கடை வரை கேட்டது. கம்பம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றுவிட்டது.

ஃபாசெட் இறங்கினார். முதலில் தன் வண்டியின் பம்பரைத் தடவிப் பார்த்தார். பிறகு வட்டார அலுவலர் டிரிஸ்டனை அழைத்தார். டிரிஸ்டன் கண்டிப்பான நல்ல பிள்ளை, முப்பதை எட்டியிருக்கமாட்டான், கையில் டேப்லெட் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை.

"சாஞ்சிருக்கா?" என்று கேட்டார் ஃபாசெட்.

டிரிஸ்டன் நிமிர்ந்து கம்பத்தைப் பார்க்கவில்லை. டேப்லெட்டைப் பார்த்தான். "இல்ல ரொட்னி. பிழை பூஜ்யம்னு காட்டுது. கம்பம் தன்னோட திருத்தத்தைத் தனக்கே போட்டுப் பார்த்திருக்கு. அது எங்க இருக்கணுமோ அங்கயேதான் இருக்கு."

"அவ்வளவுதான்" என்று சொல்லி ஃபாசெட் மீதி லாமிங்டனை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நாங்கள் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்று பார்த்தோம். தலையைச் சாய்த்தால் கம்பம் நேராகத்தான் தெரிந்தது.

*

மெரில் ஓட்வே அந்த விழாவுக்கு வரவில்லை. அவளுடைய பண்ணை ஊருக்கு வெளியே, உப்பு ஏரிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. முந்தைய குளிர்காலத்தில் அவள் கணவர் வெர்ன் இறந்துபோனார். ஆட்டு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார், எழவில்லை. அதற்குப் பிறகு வந்த முதல் விதைப்பை மெரில் தனியாகச் செய்தாள்.

எங்கள் பக்கத்தில் போன வருடம் அறுத்த கோதுமையின் தாள் வரிசைகளுக்கு நடுவே புது விதை விழ வேண்டும். டிராக்டர் சக்கரம் எப்போதும் பழைய தடத்திலேயே ஓட வேண்டும். சக்கரம் படாத மண் இளகிக் கிடந்தால்தான் எங்கள் ஊர்க் கஞ்சத்தனமான மழையை அது குடித்து வைத்துக்கொள்ளும். டிராக்டர் தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொள்ளும். திருத்த சிக்னல் சரியாக இருந்தால் போதும்.

அந்த வருடம் மெரிலின் டிராக்டர் பழைய தடத்தில் ஏறவில்லை. கிழக்கே ஒரு முழத்துக்கு மேல் தள்ளி, இளகிய மண்ணை மிதித்துக்கொண்டு, தாள் வரிசையின் தலைமேலேயே விதையைப் போட்டது. மெரில் நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அதே இடம். வயலின் விளிம்பில் விதைப்புக் கருவியின் இறக்கை வேலிக் கம்பத்தைப் பிடுங்கிப் போட்டது. நாற்பது வருடப் பண்ணையில் அந்த வேலியில் யாரும் மோதியதில்லை.

திருத்தக் கழகத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். அந்தப் பேச்சை அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"என் பேர் கேலி. உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடலாமா, மெரில்?" என்றது ஓர் இளம்பெண் குரல்.

"கூப்பிடு. என் டிராக்டர் தடத்தை விட்டுத் தள்ளி ஓடுது."

"டிராக்டர் தள்ளி ஓடாது, மெரில். அது திருத்தம் வாங்கின டிராக்டர். உங்க நிலம் தள்ளிப் போயிருக்கலாம்."

"நிலம் எப்படித் தள்ளிப் போகும்?"

"ஆஸ்திரேலியா வருஷா வருஷம் ஏழு சென்டிமீட்டர் வடக்குப் பக்கமா நகருது. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ உங்க கம்பமும் சேர்ந்து நகரணுமே."

"கம்பம் எங்க சொத்து, மெரில். எங்க அனுமதி இல்லாம அது நகராது." விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "சமீபத்துல உங்க வாழ்க்கையில ஏதாவது பெரிய மாற்றம் உண்டா?"

"புருஷன் செத்துட்டார்."

"ரொம்ப வருத்தமா இருக்கு. இந்த மாதிரி இழப்புக்கு அப்புறம் தூரம், திசையெல்லாம் குழம்பறது சகஜம்னு எங்க வழிகாட்டுதல்லயே இருக்கு. ஒரு டாக்டரைப் பாருங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

மெரில் டாக்டரைப் பார்த்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. புத்தி பிசகியிருக்கிறதா என்று பார்க்கக் கடிகாரம் வரையச் சொன்னார்களாம். வரைந்தாள். பிரதமர் பெயர் கேட்டார்களாம். சொன்னாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். ஆனால் மெரில் நம்பவில்லை. டயருக்குக் காற்றடிக்க என் கடைக்கு வந்தபோது, வண்டியை விட்டு இறங்காமலேயே சொன்னாள்.

"ராத்திரி எழுந்து பாத்ரூம் போனா கதவு இடத்துல இருக்குமான்னு பயமா இருக்கு. வெர்ன் இருந்தா 'நீ சரியாத்தான் ஓட்டுற'ன்னு சொல்லியிருப்பார். இப்ப யாரைக் கேக்கிறது?"

பெர்த்தில் இருக்கும் மகள் பண்ணையை விற்றுவிட்டு வரச் சொன்னாளாம். மெரில் யோசிப்பதாகச் சொல்லியிருந்தாள்.

*

அடுத்த வாரம் டிரிஸ்டன் பண்ணைக்கு வந்தான். முதுகில் மாட்டிய ரிசீவர், கையில் டேப்லெட், இடுப்பில் ரோஸ் நிற பெயின்ட் டப்பா. வேலி, கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, நாய்க்கூண்டு என்று ஒவ்வொன்றாக அளந்தான். அவன் ரிசீவரும் அதே கம்பத்தின் திருத்தத்தைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

"உங்க பண்ணையில எல்லாமே பதிவை விட அறுபது சென்டிமீட்டர் மேற்கே இருக்கு, மெரில்" என்றான். "ஆனா எல்லாம் ஒரே அளவுல தப்பா இருக்கு. ரொம்ப ஒழுங்கா தப்பு பண்ணியிருக்கீங்க. பாராட்டணும்."

பிறகு ஒவ்வொரு பொருளும் உண்மையில் எங்கே இருக்க வேண்டும் என்று பெயின்டால் கோடு போட்டான். தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் விழுந்தது. நாய் தன் கூண்டையும் ரோஸ் நிறச் சதுரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் வெளியே போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டின் கோடு சமையலறைக்குள் புகுந்து அடுப்புக்கும் அலமாரிக்கும் இடையே ஓடியது.

"வீட்டை நகர்த்த அவகாசம் உண்டு. வேலியை மட்டும் உடனே பாருங்க" என்று சொல்லிவிட்டு, சேவை எப்படி இருந்தது என்பதற்கு நட்சத்திரம் போடச் சொன்னான். மெரில் ஐந்து நட்சத்திரம் போட்டாள். பையன் வெயிலில் அலைந்திருக்கிறானே என்று.

அவள் வேலியை நகர்த்தினாள். தனியாக, கம்பம் கம்பமாகப் பிடுங்கி, கோடு போட்ட இடத்தில் நட்டாள். ஊரில் மற்றவர்களும் நகர்த்திக்கொண்டுதான் இருந்தார்கள். கால்பந்து மைதானத்தின் கோல் கம்பங்களை ஷையர் நகர்த்தியது. எங்கள் ஊர் அணி முதல் ஆட்டத்திலேயே பழைய ஞாபகத்தில் உதைத்து எல்லாவற்றையும் வெளியே அடித்தது. ரோட்டுக்கு நடுக்கோடு போடுகிற இயந்திரம் வந்து, நடுவே இல்லாத ஓர் இடத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போனது. கோதுமை லாரிகள் கோட்டை மதித்து ஓடின. எதிரே வந்தவர்கள் கோட்டை மதித்துப் பள்ளத்தில் இறங்கினார்கள். கழகத்தின் செய்திமடலில், 'குல்பாரிங் வட்டாரத்தில் நெடுங்காலமாக நிலவிய பிழைகள் களையப்படுகின்றன' என்று வந்தது. கம்பத்தின் படமும் போட்டிருந்தார்கள். படத்தைக் கொஞ்சம் திருப்பி அச்சிட்டிருந்ததால் கம்பம் நேராக இருந்தது. பின்னாலிருந்த ஷையர் கட்டடம் சாய்ந்திருந்தது.

*

எங்கள் ஊர் மூதாட்டி க்வென்டா ரஸ்க் இறந்தாள். எண்பத்தெட்டு வயது, தூக்கத்தில் போனாள். கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு ஒதுக்கிய இடம் வெர்னுக்கு அடுத்து, மேற்குப் பக்கம்.

கல்லறைத் தோட்டமும் அப்போது கழகத்தின் ஏற்பாட்டுக்குள் வந்திருந்தது. தோண்டும் இயந்திரத்தின் திரை, இடம் சரி என்று பச்சை காட்டினால்தான் வாளி இறங்கும். கண்ணால் பார்த்துத் தோண்டுவது தடை. முதல் துல்லியக் கல்லறை என்பதால் படம் எடுக்க டிரிஸ்டனும் வந்திருந்தான். வெர்னுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. பெர்த்தில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். அடையாளத்துக்கு வெள்ளை அடித்த ஒரு மரமுளை மட்டும் இருந்தது. டிரிஸ்டன் அதை அளந்து பார்த்து, தவறான இடத்தில் இருக்கிறது என்று பிடுங்கி, கிழக்கே தள்ளி நட்டான்.

டூகி வாளியை ஓங்கியபடி தயங்கினான். "இது வெர்ன் மேல வரும்போல இருக்கே. நான்தானே அவரையும் புதைச்சேன்."

"திரை என்ன நிறம்?" என்று கேட்டான் டிரிஸ்டன்.

"பச்சை."

"அப்புறம் என்ன?"

டூகிக்கு மூன்று பிள்ளைகள். ஷையர் வேலையை விட்டால் எங்கள் ஊரில் வேறு வேலை கிடையாது. வாளியை இறக்கினான். கொஞ்ச ஆழத்திலேயே மண்ணின் சத்தம் மாறியது. மரம் பிளக்கிற சத்தம். வாளியின் பல்லில் ஒரு பித்தளைக் கைப்பிடி மாட்டிக்கொண்டு மேலே வந்தது.

அவன் இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, போகிற வழியில் என்னிடமும் சொல்லிவிட்டு, தன் வண்டியில் மெரில் வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போய், அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். குழியின் ஓரத்தில் நின்று பார்த்தாள். பெட்டியின் பக்கப் பலகை உடைந்து, உள்ளே வெர்னின் நீலச் சட்டை தெரிந்தது. அவருக்குப் பிடித்த சட்டை, அவள்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது.

டிரிஸ்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அருகே வந்தான்.

"இதைச் சொல்றது கஷ்டமா இருக்கு, மெரில். பதிவுப்படி வெர்ன் அவர் இடத்துல இல்ல. அறுபது சென்டிமீட்டர் அத்துமீறிப் படுத்திருக்கார். நாங்க தோண்டினது க்வென்டாவோட இடத்துலதான். ஆனா இதுக்காகக் கழகம் உங்க மேல எந்த நடவடிக்கையும் எடுக்காது."

மெரில் அவனைப் பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லு."

அவன் இன்னொரு தடவை சொன்னான். அவனுக்கு அப்படித்தான் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

அவள் குழிக்குள் இறங்கினாள். அறுபத்திரண்டு வயதில், சர்ச்சுக்கு உடுத்துகிற பாவாடையோடு. உடைந்த பலகையைக் கையால் இழுத்துச் சேர்த்து, சட்டை தெரியாதபடி மூடினாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றி மேலே போட்டாள். டூகி கைகொடுத்துத் தூக்கிவிட்டான். மேலே வந்ததும் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"ஷையருக்குப் போ. நான் கத்தணும்."

கட்டடத்தின் முன்னால் இறங்கியவள் கத்தவில்லை. நின்றுவிட்டாள். அதுவரை அவள் கம்பத்தை நின்று பார்த்ததே இல்லை.

"இது ஏன் சாஞ்சு நிக்குது?"

"தொடக்க விழாவுல ஃபாசெட் வண்டியால இடிச்சுட்டார்" என்றேன்.

"எந்தப் பக்கமா சாஞ்சுது?"

"கிழக்கே."

அவள் டிராக்டர் தள்ளி ஓடியதும் அந்தப் பக்கம்தான். மெரில் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "எனக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு ஒண்ணுமே ஆகல."

அழுதாள். கணவர் இறந்தபோதுகூட ஊரார் முன்னால் அவள் அழுததில்லை. அழுகை நின்றதும் அவள் முகத்தில் வந்த கோபம் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

*

விஷயம் பெரிதானதால் ஃபாசெட் நேரில் வந்து ஷையர் மன்றத்தில் கூட்டம் போட்டார். இந்த முறை பூட்ஸில் கொஞ்சம் சேறு பூசிக்கொண்டு வந்திருந்தார். ஜன்னல் வழியே கம்பம் நன்றாகத் தெரிந்தது. அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"உங்க வலி எங்களுக்குப் புரியுது. நாங்க கேக்கிறதுக்காக வந்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் அவரே பேசினார்.

மெரில் எழுந்தாள். "கம்பம் சாஞ்சிருக்கு. திரும்பிப் பாருங்க."

"கண்ணால பார்க்கிறது அளவீடு இல்ல, மெரில்."

"சாஞ்ச கம்பம் தன் உச்சி பழைய இடத்துலயே இருக்குன்னு நினைச்சுக்கிட்டுத் திருத்தம் அனுப்புது. அதைக் கேட்டு ஊரே கிழக்கே போயிடுச்சு."

"அதுதான் ஒத்துழைப்பு. எங்களுக்குப் பெருமையா இருக்கு."

பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கேட்டார். "உங்களுக்கு வேற ஊர்லயும் கம்பம் இருக்கே. அதை வெச்சுச் சரிபார்க்க முடியாதா?"

"நல்ல கேள்வி" என்றார் ஃபாசெட். "பக்கத்துல இருக்கிற ரெண்டு நிலையமும், குல்பாரிங் கம்பம் அறுபது சென்டிமீட்டர் தப்புன்னு முதல் நாள்லேருந்து எச்சரிக்கை அனுப்பிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஓயாம. ஊழியர்களுக்கு மன உளைச்சல். அதனால அந்த எச்சரிக்கையை நிறுத்தி வெச்சிருக்கோம். இப்ப எந்தப் புகாரும் இல்ல."

மன்றத்தில் யாரோ சிரித்தார்கள். ஃபாசெட் சிரிப்பைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"ஒளிவுமறைவு இல்லாம சொல்றேன். கம்பம் தப்புன்னு ஒத்துக்கிட்டா, தொடங்கின நாள்லேருந்து நாங்க குடுத்த அத்தனை திருத்தமும் தப்புன்னு ஆகும். வேலி, ரோடு, கல்லறை எல்லாம். அவ்வளவு பெரிய தப்பை ஒரு பொறுப்பான நிறுவனம் ஒத்துக்க முடியாது. சின்னத் தப்பா இருந்தா பரிசீலிக்கலாம். எங்களைத் திருத்தறதுக்குன்னு ஒரு அமைப்பு இருக்கான்னு கேக்கிறீங்க. நியாயம்தான். ஆனா அப்படி ஒண்ணு இருந்தா, நாங்க எதுக்கு?"

மெரில் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தோம். வீட்டுக்குத்தான் போனாள். கூட்டம் தேநீர் இடைவேளைக்கு வந்தபோது டிராக்டரோடு திரும்பி வந்தாள்.

பட்டப்பகல். ஊர் முழுவதும் கையில் தேநீர்க் கோப்பையோடு படிக்கட்டில் நின்று பார்த்தது. டூகி இயந்திரத்தைக் கொண்டுவந்து கம்பத்தின் அடிமண்ணை மேற்குப் பக்கம் கொஞ்சம் இளக்கிக் கொடுத்தான். இந்த முறை திரை என்ன நிறம் என்று அவன் பார்க்கவில்லை. மெரில் கம்பத்தின் இடுப்பில் பழைய கோணியைச் சுற்றி, அதன்மேல் சங்கிலியைக் கட்டினாள். நான் ஒரு கயிற்றில் சக்கர நட்டைக் கட்டி, தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு எதிரே பிடித்துக்கொண்டேன். டிராக்டர் மேற்கே அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கம்பம் முனகிக்கொண்டு நிமிர்ந்தது. கயிறும் கம்பமும் ஒன்றாகத் தெரிந்ததும் நான் கையைத் தூக்கினேன். டூகி அடியில் கல்லைக் கொட்டி இறுக்கினான்.

ஃபாசெட் படிக்கட்டில் நின்று, "இது தேசக் குற்றம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை மெரிலின் டிராக்டர் பழைய தடத்தில் ஏறி ஓடியது. அவள் ஸ்டியரிங்கைத் தொடாமல் உட்கார்ந்து, வயலின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தாள். நகர்த்திய வேலியைத் திரும்ப நட நாங்கள் ஏழெட்டுப் பேர் போனோம். வெர்னுக்குப் புதுப் பெட்டி வாங்கி, பாதிரியாரை வைத்து மறுபடி அடக்கம் செய்தோம், பக்கத்தில் க்வென்டாவையும். கழகத்திலிருந்து யாரும் வரவில்லை. அதற்கான அலுவலர் விடுப்பில் இருப்பதாகத் தகவல் வந்தது.

*

வழக்கு வந்தது. தேசிய ஆதாரக் கம்பத்தை இடம்பெயர்த்த குற்றம். வழக்குப் போட்டது கழகத்தின் சட்டப் பிரிவு. அளவுகளை வைத்திருப்பது வேறு பிரிவு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மெரில் வக்கீல் வைக்கவில்லை. "இழுத்தேன்னு சொல்லப் போறேன். எதுக்கு இழுத்தேன்னும் சொல்லப் போறேன். அதுக்கு வக்கீல் எதுக்கு?" என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான். நீதிமன்றத்தில், எழுதி வைக்கிற இடத்தில், ஒரு தடவை அதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த பெரிய ஊரிலிருந்த நீதிமன்றத்துக்கு நானும் டூகியும் கூடப் போனோம். மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. காலையிலிருந்து குடிபோதை வழக்குகளாகப் பார்த்துக் களைத்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஃபாசெட்.

"இடம்பெயர்த்தாங்கன்னு சொல்றீங்க. எங்கிருந்து எங்க?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"அதோட அதிகாரபூர்வ இடத்திலிருந்து."

"சரி. அந்த அம்மா டிராக்டரைக் கொண்டுவர்றதுக்கு முந்தின நாள் கம்பம் எங்க இருந்துச்சு?"

"அதிகாரபூர்வ இடத்துல."

"இப்ப எங்க இருக்கு?"

ஃபாசெட் தன் எதிரே இருந்த தாள்களைப் புரட்டினார். "அதிகாரபூர்வ இடத்துல."

"அப்போ எவ்வளவு தூரம் நகர்ந்துச்சு?"

கழகத்தின் வக்கீல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார்.

"முனைவர் ஃபாசெட், உங்களுக்கு உதவி பண்றேன். முன்னாடி கம்பம் சாஞ்சிருந்துச்சு, இந்த அம்மா அதை நிமிர்த்தினாங்கன்னு நீங்க சொன்னா இந்த வழக்கு நிக்கும். அப்படிச் சொல்றீங்களா?"

ஃபாசெட்டின் எதிரே ஒரு பெண்ணைத் தண்டிக்கிற வாய்ப்பு இருந்தது. அதற்கு விலையாக ஒரே ஒரு வாக்கியம். அவர் ஆசைப்பட்டார், அது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பழக்கம் வென்றது.

"கம்பம் ஒருபோதும் சாயல" என்றார்.

"அப்போ குற்றம் நடக்கல. தள்ளுபடி."

மெரில் எழுந்து நின்றாள். "நடந்துச்சு. நான்தான் இழுத்தேன். சங்கிலி போட்டு இழுத்தேன். ஊரே பார்த்துச்சு. நான் குற்றவாளின்னு எழுதுங்க."

"உக்காருங்க, மிஸஸ் ஓட்வே."

"அது சாஞ்சிருந்துச்சு. அது சாஞ்சிருந்ததாலதான் என் புருஷனைத் தோண்டினாங்க. எழுதுங்க."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். "நகரவே இல்லைன்னு அவங்களே சொல்ற ஒண்ணை நீங்க நகர்த்தினதா நான் எழுத முடியாதும்மா" என்றார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

வெளியே படியில் ஃபாசெட் கையை நீட்டிக்கொண்டு வந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது இல்லையா, மெரில்?"

மெரில் அந்தக் கையைப் பார்த்தாள். "அன்னிக்கு டூகி எங்க தோண்டினான்?"

"க்வென்டாவோட இடத்துல."

"வெர்ன் எங்க இருந்தார்?"

"அவரோட இடத்துல. சந்தேகமே இல்ல."

"அப்போ அவர் பெட்டியை உடைச்சது யாரு?"

ஃபாசெட் உண்மையாகவே யோசித்தார். அதை நான் மறுக்கமாட்டேன். "அப்படி ஒரு சம்பவம் எங்க பதிவுல இல்ல" என்று சொல்லிவிட்டு, நீட்டிய கையால் டிரிஸ்டனின் தோளைத் தட்டி அழைத்துக்கொண்டு போனார். அந்த வருடத்தில் நாட்டிலேயே துல்லியமான நிலையம் என்று குல்பாரிங்குக்குப் பரிசு கிடைத்திருப்பதாக டிரிஸ்டன் என்னிடம் போகிற போக்கில் சொன்னான். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னான்.

வண்டியில் டூகி பின்னால் ஏறினான். மெரில் முன்னால் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சாவியைத் திருப்பப் போனேன். பொறு என்று கையைக் காட்டினாள். நீதிமன்ற வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சுட்டோம், மெரில்" என்றான் டூகி, பின்னாலிருந்து, பயந்து பயந்து.

"ஜெயிக்கிறதுக்கு யாருடா வந்தது?" என்றாள் அவள். "என்னை ஒருத்தியையாவது குத்தவாளின்னு எழுதியிருந்தா, தப்புன்னு ஒண்ணு நடந்துச்சுன்னு எங்கயாவது பதிவுல இருந்திருக்கும்."